எங்கம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க

பிப்ரவரி 6

என் செல்ல அம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன்னைப் பெற்ற மேலிடம், எல் போர்டு மாட்டிய நம் பழைய கார், மூவரும் நலம். மூவரில் இரண்டு பேருக்கு இருமல். எனக்கு இல்லை.

நீ திட்டியதால்தான் பேனா எடுத்தேன். "போன்ல உங்களுக்கு ரெண்டே வசனம்தான்ப்பா. 'நல்லா இருக்கேன்', 'இந்தா அம்மாகிட்ட குடுக்கறேன்'. ஒழுங்கா பேப்பர்ல எழுதுங்க, அப்பவாச்சும் உண்மை வருதான்னு பாப்போம்" என்றாய். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பழக்க தோஷத்தில் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பையே ஆழமாகப் படிக்க வேண்டும் என்று இரண்டு தடவை படித்தவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

உண்மை இதுதான். ரத்த டாக்டர் போன வாரம் உட்கார வைத்து விளக்கினார். எலும்புக்குள் மஜ்ஜை என்று ஒன்று இருக்கிறதாம், ரத்தம் தயாராகிற பட்டறை அது. என் பட்டறையில் வேலை நடக்கிறது, ஆனால் வெளியே வருகிற சரக்கு எல்லாம் அரைவேக்காடு. "உங்களை மாதிரியேதான் உங்க எலும்பும்" என்றது மேலிடம். டாக்டர் சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன். இந்த அரைவேக்காடுகள் பெருகிப்போனால் ஒருநாள் ரத்தப் புற்றுநோயாக மாறிவிடலாம். இதை அவர் மெதுவாகச் சொன்னார். நான் வேகமாக எழுதிவிடுகிறேன்.

இப்போதைக்கு யாரோ புண்ணியவான்கள் கொடுத்த ரத்தத்தை அவ்வப்போது ஏற்றிக்கொள்கிறேன். ஏற்றிய வாரம் மாப்பிள்ளை மாதிரி நடக்கிறேன். அது தீர்ந்ததும் மாமனார் ஆகிவிடுகிறேன்.

நிரந்தரமாகச் சரிசெய்ய ஒரே வழி, வேறொருவருடைய குருத்தணுவை வாங்கி எனக்குள் விடுவது. ஸ்டெம் செல் என்பார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. தானம் செய்யப் பதிவு செய்தவர்களிடையே உலகம் பூராவும் தேடிவிட்டார்கள். என்னைப் போல ஒரு ஆள் உலகத்தில் வேறு இல்லையாம். இதை நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

இதில் ஒரு தமாஷ் கேள். சிஸ்டர் வந்து, "உங்களுக்குக் குடுக்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். மேலிடம் மருந்துக் கடை வரிசையில் நின்றது. "கேட்டா எங்கம்மா இப்பவே குடுக்கறேன்னு வந்து நிக்கும். எங்கம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க சிஸ்டர்" என்றேன்.

"அம்மா இருக்காங்களா! உடம்பெல்லாம் எப்படி?"

"ஜம்முனு இருக்கு. வெளியூர்ல தனியா இருக்கு, தனியா சமைச்சுச் சாப்பிடுது."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுல இல்லாம வேற எந்த வயசுல சிஸ்டர்?"

"ரயில்லல்லாம் போவாங்களா?"

"போறதென்ன, ஓட்டவே கத்துக்கிட்டிருக்கு!"

அந்தச் சிஸ்டர் என் கையைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலில் உளறுகிறேனோ என்று. அடுத்த நாள் டாக்டர் ரொம்பக் கனிவாக, "உங்க அம்மாவை இந்த வயசுல சிரமப்படுத்த மாட்டோம், கவலைப்படாதீங்க" என்றார். அப்போதுதான் எனக்கே புரிந்தது. பெற்ற பெண்ணை அம்மா என்று கூப்பிடுவதில் இப்படியும் ஒரு வசதி! நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆக, மாத்திரையும் ரத்தமுமாக வண்டியை உருட்டலாம் என்று முடிவாகிவிட்டது. நீ ஏப்ரல் பரீட்சையில் கவனம் வை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கிறார்கள். என்னிடம் கார் கற்றுக்கொள்ளும் வக்கீல் இன்றும் இடது பக்கம் திரும்ப வைப்பரைப் போட்டார். மழையே இல்லை. அவரிடம், என் மகள் சுரங்க ரயில் ஓட்டப் போகிறாள் என்று சொன்னேன். அதைக் கேட்ட பதற்றத்தில் ஹாரனும் அடித்துவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்,
அப்பா


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நடைமேடையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தள்ளி உட்காரும் அளவுக்குச் சிரித்தேன். இரண்டு ரயில் போன பிறகுதான் உறைத்தது.

அப்பா, அந்த அம்மா நான்தானே?

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "நோயாளியோட அம்மா பேசறேன். எனக்கு இருபத்தேழு வயசு" என்றேன். எடுத்தவர் போனைக் கைமாற்றிவிட்டார். பிறகு உங்கள் சிஸ்டர் பேசினார். விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்தார், டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவரும் சிரித்தார். எல்லோரும் சிரித்து முடித்ததும் டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "பொண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போன வாரமே ஆரம்பிச்சிருப்பேனே" என்றார்.

பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர்களாகத் தப்பாக நினைத்துக்கொண்டார்கள், நீங்கள் சௌகரியமாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அதோடு விட்டீர்களா? தமாஷ் நன்றாக இருக்கிறதே என்று வாயை அடக்க முடியாமல் என்னிடமே எழுதி மாட்டிக்கொண்டீர்கள். உங்களுக்கு ரகசியம் தங்காதுப்பா.

உங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் மாதிரிதான் நீங்களும். ஓட்டுவது நான்தான், ஆனால் உங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முகம் தெரியாத ஆட்களிடம் பாட்டில் பாட்டிலாக ரத்தம் வாங்கிக்கொள்கிறீர்கள். அதில் உங்களுக்குக் கூச்சம் இல்லை. என்னிடம் வாங்க மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

பதில் எழுதுங்கள். போன் செய்யாதீர்கள். செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள்.

கோபத்துடன்,
உங்கள் 27 வயது அம்மா


பிப்ரவரி 24

என் செல்ல அம்மாவுக்கு,

மேலிடத்துக்கும் நீ சொல்லிவிட்டாய் போல. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு மட்டும் வருகிறது, பேச்சு வரவில்லை. சாப்பாட்டிலும் உப்பு இல்லை. டாக்டர் குறைக்கச் சொன்னாராம். டாக்டர் எப்போது சொன்னார் என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் யோசித்தேன். வக்கீல் ரிவர்ஸ் எடுக்கும்போது யோசித்ததால் ஒரு பூந்தொட்டி போய்விட்டது.

யாரோ ஒருவர் ரத்தம் கொடுத்தால், அவருக்கு ஊசி குத்தும்போது எங்கே வலித்தது என்று எனக்குத் தெரியாது. நீ கொடுத்தால் தெரியும். சின்ன வயதில் நீ முழங்கால் சிராய்த்துக்கொண்டு வரும்போதே உனக்கு முன்னால் அழுகிற ஆள் நான். உன் அம்மாதான் இரண்டு பேருக்கும் மருந்து போடுவாள்.

அது ஒரு காரணம். பரீட்சை இன்னொரு காரணம். இரண்டும் சொல்லிக்கொள்ளும்படியான காரணம். சொல்லிக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. பேப்பரில்தான் உண்மை வரும் என்றாயே, வருகிறது பார்.

நீ கொடுத்து, அது எனக்குள் பிடிக்காமல் போய்விட்டால்? டாக்டரே நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, நான் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். நீ இருப்பாய். 'நான் குடுத்தது அப்பாவுக்கு ஒத்துக்கலை' என்ற ஒரு நினைப்பு உனக்குக் காலம் பூரா இருக்கும். அதை உனக்கு விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம், நீ பிரேக் என்று எழுதியது கொஞ்சம் வலித்தது. அந்தப் பிரேக்கால்தான் இந்த ஊரில் பல பேர் இன்னும் நடமாடுகிறார்கள்.

உன்,
அப்பா


மார்ச் 7

அன்புள்ள அப்பா,

பிடிக்காமல் போனால் நாம் மூன்று பேரும் உட்கார்ந்து அழுவோம். கொடுக்காமலே உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் மட்டும் தனியாக அழ வேண்டியிருக்கும். அம்மா அழமாட்டாள், உங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள். எது எனக்கு நல்லது, சொல்லுங்கள்.

நிற்க. காரியம் பாதி முடிந்துவிட்டது. இங்கேயே ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பத்து இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஐந்து பொருந்துகிறது. பெற்ற பிள்ளைக்குப் பொதுவாக ஐந்துதான் பொருந்துமாம், ஏனென்றால் மிச்சம் ஐந்து அம்மா கொடுத்தது. முன்பெல்லாம் இந்தப் பாதிப் பொருத்தத்தை எடுத்துக்கொள்ளவே தயங்குவார்கள். புதிதாக உள்ளே போகிற அணுக்கள் வீட்டுக்காரரையே அடிக்க ஆரம்பித்துவிடும். இப்போது அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏற்றிய இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மருந்து கொடுக்கிறார்கள். சண்டைக்கு வரிந்துகட்டுகிற அணுக்களை மட்டும் அது அடக்கிவிடும். குருத்தணு பிழைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் அது பழைய மருந்துதானாம், கொடுக்கிற நேரம்தான் புதுசு.

இனி பரீட்சை. எங்கள் பயிற்சி அதிகாரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, யாரையும் லேசில் தாண்ட விடாததால் 'சிவப்பு விளக்கு' என்று பெயர். அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தனை நாள் வேணும்?" என்றார். சொன்னேன். "சரி, உன்னைக் கடைசி ஆளா போட்டுக்கறேன். நல்ல சேதியோட வா" என்றார். நான் வாசல் வரை போனதும் மறுபடி கூப்பிட்டார். "சேதி எப்படி இருந்தாலும் வா."

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஊசிகள் போட்டுக்கொள்ள வேண்டும், எலும்பு கொஞ்சம் குடையும் என்றார்கள். குடையட்டும். எங்கே வலிக்கிறது என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

உங்கள்,
பாதிப் பொருத்தம்


மார்ச் 15

அம்மா,

மேலிடத்தின் உத்தரவு, டாக்டரின் உத்தரவு, சிவப்பு விளக்கும் பச்சை காட்டிவிட்டது. இதற்கு மேல் நான் யார், வெறும் பாசஞ்சர். நீங்களாகப் பார்த்துச் செய்தால் சரி.

பாதிப் பொருத்தம் என்றால் ஹாஃப் கிளட்ச் மாதிரியா என்று டாக்டரிடம் கேட்டேன். முழுசாக விட்டாலும் ஆபத்து, முழுசாக அமுக்கினாலும் வண்டி நகராது, பாதியில் பிடித்துத்தான் மேட்டில் ஏற வேண்டும். அவர் யோசித்து, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். பிறகு, அவருக்கு இன்னும் அந்த ஹாஃப் கிளட்ச் வராது, பதினைந்து வருஷமாக மேடு இல்லாத வழியாகவே வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தது. நான் பிழைத்து எழுந்தால் சொல்லித்தருவதாக ஒப்பந்தம். எனவே அவர் கவனமாகத்தான் பார்ப்பார்.

முதலில் போடுகிற மருந்தில் தலைமுடி கொட்டும் என்றார்கள். இருப்பதே காதோரம் கொஞ்சம். மருந்துக்கும் அதிகம் சிரமம் இருக்காது.

அப்பா


ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை எழுதுவது சிஸ்டர். உங்கள் அப்பாவுக்கு வாயெல்லாம் புண், கையில் நடுக்கம். அவர் கிசுகிசுவென்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் சொன்னபடியே எழுத வேண்டுமாம், திருத்தக் கூடாதாம். இனி அவர் சொல்வது.

நீ ஊருக்குப் போனதிலிருந்து, கிருமிக்குப் பயந்து அடைத்து வைத்த இந்த அறையில் பேச ஆள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலிடம் உட்கார்ந்து சைகையில் திட்டுகிறது. கையை வைத்துக்கொண்டு இவ்வளவு திட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நீ மெஷின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தாயே. ஒரு கையில் ரத்தம் போகிறது, இன்னொரு கையில் திரும்பி வருகிறது, நீ பாட்டுக்கு ரயில் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாய், பக்கத்தை மேலிடம் புரட்டியது. அந்த வீடியோவைச் சிஸ்டர் காட்டினார். நான் அழவில்லை. (அழுதார். — சிஸ்டர்)

நீ கொடுத்தது ஒரே ஒரு பை. தக்காளி சூப் நிறம். ஆபரேஷன் தியேட்டர், எலும்பில் துளை, என்னென்னவோ நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாதாரண டிரிப் மாதிரி மாட்டினார்கள், சொட்டுச் சொட்டாக இறங்கியது, முடிந்தது. "அவ்வளவுதானா சிஸ்டர்?" என்றேன். அவ்வளவுதானாம். எலும்புக்குள் எப்படிப் போகும் என்றால், அதுவே வழி கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். முப்பது வருஷமாக நான் எத்தனையோ பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன், லெஃப்ட்டு லெஃப்ட்டு என்று கத்தியும் நேராகப் போனவர்கள்தான் அதிகம். இது யாரும் சொல்லாமல் போகிறதாம். உன் அணு இல்லையா, அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சண்டையை அடக்கும் மருந்தும் போட்டாயிற்று. இப்போது என் ரத்தத்தில் வெள்ளணு பூஜ்யம். என்னுடையதை மருந்து போட்டுத் துடைத்துவிட்டார்கள், உன்னுடையது இன்னும் எழுந்து வரவில்லை. தினமும் காலையில் ரத்தம் எடுக்கிறார்கள், கதவுப் பலகையில் எண்ணை எழுதுகிறார்கள். தினமும் பூஜ்யம். பள்ளிக்கூட ஞாபகமாக இருக்கிறது. நடுநடுவே காய்ச்சல். டாக்டர், "பொறுங்க, அது வர்ற நேரத்துக்கு வரும்" என்கிறார்.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

(இந்த வரியை எழுத வேண்டாம் என்கிறார். திருத்தக் கூடாது என்று முதலில் சொன்னவர் அவர்தான். எழுதிவிட்டேன். — சிஸ்டர்)

நன்றாகப் பரீட்சை எழுது. என்னை நினைத்துக்கொண்டு ஓட்டாதே. பாதையைப் பார்த்து ஓட்டு.

இப்படிக்கு, அவர் சொல்ல,
சிஸ்டர்


ஏப்ரல் 24

அன்புள்ள அப்பா,

சிஸ்டருக்கு என் நன்றி. அந்த வரி இல்லாவிட்டால் நான் இந்தக் கடிதத்தை நம்பியிருக்கமாட்டேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அம்மாவுக்குப் போன். "இன்னிக்கு என்ன?" "பூஜ்யம்தான்டி. ஆனா ரெண்டு ஸ்பூன் சூப் சேத்துக் குடிச்சாரு." இதுதான் எங்கள் சுப்ரபாதம். நீங்கள் எழுதினீர்களே, 'நான் கொடுத்தது ஒத்துக்கொள்ளவில்லை' என்ற நினைப்பு. அது வருகிறதுப்பா, வராமல் இல்லை. வந்தால் வரட்டும் என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்கிறேன். உங்களுக்குக் கொடுக்காமலே இருந்திருந்தால் வந்திருக்கிற நினைப்பு இதைவிடப் பெரிசு. இதோடு குடும்பம் நடத்திவிடலாம்.

நேற்று பரீட்சை. காலிப் பெட்டிகள், பின்னால் சிவப்பு விளக்கு மட்டும் கையில் அட்டையோடு. முதல் மூன்று நிலையத்தில் நிறுத்தக் கோட்டில் சரியாக நிறுத்தினேன். நாலாவதில் ஒரு முழம் தாண்டிவிட்டது. போச்சு என்று நினைத்தேன். கடைசி நிலையத்தில் இறங்கும்போது, "ஒரு முழத்துக்கெல்லாம் யாரும் தண்டவாளத்துல குதிச்சுட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாஸ் அப்பா! அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டப் போகிறேன்.

அலறிக்கொண்டு சொல்ல உங்கள் காது பக்கத்தில் இல்லை என்பதுதான் குறை. சீக்கிரம் பூஜ்யத்தை மாற்றுங்கள்.

உங்கள்,
டிரைவர்


மே 12

என் செல்ல அம்மாவுக்கு,

நானே எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தாலும் சொந்தக் கோணல்.

சேதி எல்லாம் மேலிடம் போனில் சொல்லியிருக்கும். ஆனால் அது நடந்த விதத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் காலையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். கதவு திறந்தது. டாக்டர் ஓடாத குறையாக உள்ளே வந்து, "சார்! உங்க பொண்ணு வந்துட்டாங்க!" என்றார். நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்து கதவைப் பார்த்தேன். சிஸ்டர் நின்றார். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மேலிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. உன்னைக் காணோம்.

"எங்க டாக்டர்?"

"உள்ள சார், உள்ள! ரத்தத்துல! எண்ணிக்கை ஏறிடுச்சு, பிடிச்சுடுச்சு!"

பலகையில் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒரு எண் எழுதினார்கள். மறுநாள் அதைவிடப் பெரிசு. அதற்கு மறுநாள் டாக்டரை எழுதவிடாமல் சிஸ்டர் பேனாவைப் பிடுங்கி அவரே எழுதினார். பிறகு ஒரு பெரிய பரிசோதனை செய்தார்கள், ரத்தத்தில் இருப்பது யாருடையது என்று பார்க்க. எல்லாம் உன்னுடையது. ரத்தத்தை மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொன்னால், இது ஒரு பெண் என்றுதான் வருமாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பெண்களுக்கு மட்டும் ஓய்வில்லை என்று சொல்லிவந்த மேலிடம், "நல்லதாப் போச்சு, வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் உங்களுது" என்றது. நேற்று வீட்டுக்கு வந்தேன். சொன்னபடி செய்துவிட்டது. கையுறை மட்டும் கொடுத்தது, கிருமி ஆகாது என்பதால்.

இன்னும் மாத்திரை ஒரு கூடை. கூட்டத்துக்குப் போகக் கூடாது, வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் லேசாகத் தடிப்பு வந்து போயிற்று, உன் அணுக்கள் ஊர் புதுசு என்று கொஞ்சம் முறைத்துப் பார்த்திருக்கின்றன. டாக்டர் இன்னும் ஒரு வருஷம் கழித்துத்தான் நிம்மதியாகப் பேசுவாராம். நான் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டேன். வக்கீல் பார்க்க வந்தார், சொந்தக் காரில், தானே ஓட்டிக்கொண்டு. வாசல் வரைக்கும் இண்டிகேட்டர் சரியாகப் போட்டார். இறங்கும்போது வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

சரி. இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

டாக்டர் வந்து நின்று அப்படிச் சொன்னாரே, பொண்ணு வந்துட்டாங்க என்று. நான் பிழைத்துவிட்டேன் என்று எல்லோரும் அந்த அறையில் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விநாடி, கதவில் உன்னைக் காணோம் என்று ஏமாந்துபோனேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய விஷயம் நடந்திருக்கும்போது இந்த ஆள் இதற்குப் போய் முகத்தைத் தொங்கப்போடுகிறானே என்று நினைப்பார்கள்.

ஆகையால் கேட்கிறேன். ஒரு தடவை வந்துட்டுப் போம்மா.

டாக்டர் கூப்பிடச் சொல்லவில்லை. மேலிடம் சொல்லவில்லை, அது கடைக்குப் போயிருக்கிறது. எனக்குத்தான் உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஊசி, மெஷின் எதுவும் கிடையாது. என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ எப்படி ரயிலை நிறுத்துகிறாய் என்று சொல்ல வேண்டும், நான் கேட்க வேண்டும், வேறு வேலை இல்லை. புதிதாகச் சேர்ந்தவளுக்கு லீவு கிடையாது என்று சிவப்பு விளக்கு சொன்னால் போனை என்னிடம் கொடு. நான் கெஞ்சிக் கேட்கிறேன். யாரிடமும் கொடுத்துவிட்டு ஓட மாட்டேன்.

'கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதே' என்று ஒரு வரி எழுதினேன். இப்போது அதை அடித்துவிட்டேன். எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

வா.

உன்,
அப்பா